அத்த குடுத்த ரத்தம்

மொதல் மந்திரி செத்து, ஜனங்க ரயில் கூரை மேலெல்லாம் ஏறிக்கினு மெட்ராசுக்கு ஓடுனாங்களே, அன்னிக்கு. எனக்குத் தேதி, வருசம் எல்லாம் வராது. பள்ளிக்கூடத்துப் பக்கம் போனவன் இல்ல. ஆனா அந்த நாளு மறக்காது. எல்லாரும் செத்தவரைப் பாக்கப் போனாங்க, நாங்க சாவக் கெடந்த புள்ளைய எடுத்துக்கினு போனோம்.

நான் அப்ப பொன்னேரியில ரைஸ் மில்லுல வேலை. அவிச்ச நெல்லைக் களத்துல கொட்டி, வெயில்ல கால்லயே தொழாவி வுடணும். பாதத்துத் தோலு செருப்பு மாதிரி ஆயிடும், முள்ளு குத்துனாக்கூட தெரியாது. அது கெடக்கட்டும். என் தங்கச்சியக் கும்மிடிப்பூண்டி பக்கத்துல ஒரு ஊர்ல குடுத்திருந்தோம். குடுத்ததுன்னா வெளியாளுக்கு இல்ல. எங்க நைனாவோட கூடப்பொறந்த அக்கா, எங்க அத்த, அது மவனுக்கே. நெலம் கீது, ரெண்டு போகம் வெளையும், சொந்தம் வுட்டுப் போவாதுன்னு கட்டி வச்சாங்க.

அவுங்க கும்மிடிப்பூண்டியில ஏறி, நான் பொன்னேரியில ஏறணும்னு பேச்சி. ஏறவா முடிஞ்சிது? கரி வண்டி. படியில, ஜன்னல்ல, கூரையில, எங்க பாத்தாலும் ஆளு. எப்டியோ இடிச்சிக்கினு உள்ள போனா, நடுப்பொட்டியில தங்கச்சியும் அத்தையும் ஜம்முன்னு ஒக்காந்துக்கினு கீறாங்க. சுத்திலும் ஒரு முழம் எடம் காலி. இன்னாடா இதுன்னு கிட்ட போனேன். அப்புறம்தான் தெரிஞ்சிது. புள்ளைக்கு ரெண்டு காதுலயும் சீழ் ஒழுவுது. அந்த நாத்தம் தாங்காம அத்தினி கூட்டமும் ஒதுங்கி நிக்குது.

அத்த என்னைப் பாத்து சொல்லுச்சி, "வாடா, வந்து ஒக்காரு. ஒன் தங்கச்சி பெத்த ராசா வர்றாரு, ஜனம் எழுந்து நின்னு எடம் வுடுது பாத்தியா?"

பக்கத்துல நின்னவன் சிரிச்சிட்டான். தங்கச்சி தலையத் தூக்கல. முந்தானையால புள்ள காதத் தொடச்சிக்கினே வந்துச்சி.

அத்த வாயி அப்டித்தான். ஆளும் அப்டித்தான், மூட்டைய ஒத்தக் கையில தூக்கும். அதுக்குக் கோவம் வர்றதுக்குக் காரணமும் இருந்துச்சி, இல்லன்னு சொல்ல மாட்டேன். தங்கச்சிக்கு மொதல்ல ஒரு பொண்ணு. அது நல்லா கீது. அப்பால பொறந்த ஆம்பளப் புள்ளைங்க ரெண்டும் போயிடுச்சி. ரெண்டும் ஒரே மாதிரி. ஆறு மாசம் வரைக்கும் கொழுகொழுன்னு இருக்கும், தெருவுல ஆளாளுக்குத் தூக்கிக் கொஞ்சுவாங்க. அப்புறம் காதுல சீழ், மூக்குல சளி, ஒடம்பு பூரா கொப்புளம், நெஞ்சுல கபம். வைத்தியரு மருந்து குடுத்தா போவும், பத்து நாள்ல திரும்பி வரும். மொதப் புள்ள நடக்க ஆரம்பிச்சப்புறம் செத்துச்சி. ரெண்டாவது நடக்கவே இல்ல.

அதனால மூணாவது ஆம்பளப் புள்ள பொறந்ததும் அத்த ஒரு வேலை பண்ணுச்சி. எங்க பக்கத்துல அந்தப் பழக்கம் உண்டு. புள்ள தங்காத ஊட்டுல, பொறந்ததைக் கொண்டு போயி எருக்குழி குப்பையில போட்டுடுவாங்க. யாருக்கும் வேணாத புள்ளன்னு எமன் நெனச்சிக்கினு வுட்டுட்டுப் போவான்னு நம்பிக்கை. வேற ஒரு ஊட்டுக்காரி அத எடுத்துக்குவா. பெத்தவ ஒரு மொறம் தவிடு குடுத்து திரும்ப வாங்கிக்கணும். தவிடு எங்க மில்லுலேந்து நான்தான் கொண்டு போனேன், சன்னத் தவிடு, பொன்னு மாதிரி. பொறந்து ரெண்டு வாரம்கூட ஆவல. சாணிலயும் சாம்பல்லயும் புள்ளையப் பொரட்டி எடுத்து, மூக்குல ஊசி வேற குத்துனாங்க. பேரும் அதுக்கேத்த பேருதான் வச்சாங்க.

ஒண்ணும் ஆவல. மூக்குப் புண்ணு ரெண்டே நாள்ல காஞ்சிது. புள்ள தகதகன்னு வளந்துச்சி. அத்த தெருவுல நின்னுக்கினு சொல்லும், "அவ பெத்தா, நான் காப்பாத்துனேன். என் குப்பை காப்பாத்துச்சி." ஏழாவது மாசம் காது ஒழுவ ஆரம்பிச்சிது. அப்பவும் அத்த வுடல. "குப்பை என் குப்பை. பாலு இவ பாலு. பாலுதான் வெஷம்"னு தாய்ப்பால நிறுத்திடுச்சி. பாலு கட்டிக்கினு தங்கச்சி மாரு கல்லாட்டம் ஆயி, அடுப்படியில சுருண்டு கெடந்துச்சி. ஒருத்தரும் இன்னான்னு கேக்கல.

ஆஸ்பத்திரி கதைக்கு வர்றேன். அன்னிக்கு ஊரே அல்லோலகல்லோலம், ஆனா ஆஸ்பத்திரியில டாக்டருங்க இருந்தாங்க. ஒரு டாக்டரம்மா புள்ள வாயைத் தொறக்கச் சொல்லி டார்ச் அடிச்சிப் பாத்தாங்க. திரும்பத் திரும்பப் பாத்தாங்க. அப்புறம் இன்னும் ரெண்டு பேரைக் கூப்ட்டுக் காட்டுனாங்க. தொண்டையில ரெண்டு பக்கமும் சதை கழலை மாதிரி இருக்கணுமாம், டான்சில்னுவாங்களே, அது இந்தப் புள்ளைக்கு இல்லவே இல்ல. புள்ளைய சேத்துக்கினு ரத்தம் எடுத்து எங்கெங்கயோ அனுப்புனாங்க. பல வாரம் கழிச்சி எங்க மூணு பேரையும் ஒக்கார வச்சி டாக்டரம்மா பேசுனாங்க.

என்னை ஒரு கேள்வி கேட்டாங்க. "உங்கம்மாவுக்குத் தம்பி, அண்ணன் யாராவது இருக்காங்களா?"

"இல்லம்மா. ரெண்டு பேரு இருந்தாங்களாம். சின்னதுலயே செத்துட்டாங்க."

"எதுல?"

எனக்கு அப்பத்தான் உறைச்சிது. எனக்குத் தாய்மாமனே கெடையாது. எனக்குக் காது குத்துனப்போ மடி குடுக்க மாமன் இல்லாம பக்கத்து ஊட்டுக்காரர் மடியில ஒக்கார வச்சாங்கன்னு எங்கம்மா சொல்லி அழுவும். அந்த மாமனுங்க ரெண்டு பேருக்கும் காதுல சீழ் வந்து, இருமி இருமித்தான் உசுரு போச்சின்னும் சொல்லும். அத நான் சொன்னதும் டாக்டரம்மா பேனாவை வச்சிட்டாங்க.

அவுங்க சொன்னதை எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். நமக்கு ஒரு நோவு வந்தா, அதை எதுக்கறதுக்கு ரத்தத்துல ஒரு சத்து உண்டாவுமாம். அது நோவை அடையாளம் வச்சிக்கினு, அடுத்தவாட்டி வந்தா வெரட்டும். இந்தப் புள்ள ஒடம்புக்கு அந்தச் சத்தை உண்டாக்கத் தெரியல, பொறப்புலயே. அவனுக்கு எல்லா நோவும் எப்பவும் புதுசு. நூறுவாட்டி காது சீழ் புடிச்சாலும், அவன் ஒடம்புக்கு அது மொதவாட்டிதான். இது அம்மா வழியில வர்றது. பொம்பளைங்க சொமப்பாங்க, அவுங்களுக்கு ஒண்ணும் ஆவாது. அவுங்க பெக்கற ஆம்பளப் புள்ளைங்கள்ல சிலதுக்கு வரும், சிலதுக்கு வராது. "நீங்க தப்பிச்சிட்டீங்க"ன்னு என்னைப் பாத்துச் சொன்னாங்க.

தங்கச்சி மெதுவா கேட்டுச்சி. "அப்ப என் பாலுதான் காரணமாம்மா?"

"யாரு சொன்னது? பாலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. வயித்துல இருக்கும்போதே உன் ரத்தத்துல இருக்கற சத்து புள்ளைக்குப் போயிருக்கு. ஆறு மாசம் அவன் நல்லா இருந்தான் பாரு, அது நீ குடுத்த சத்து. அது தீந்தப்புறம்தான் அவனுக்கு நோவு வந்துச்சி."

அத்த குறுக்க பூந்துச்சி. "அப்ப நான் குப்பையில போட்டு எடுத்தது?"

டாக்டரம்மா சிரிச்சிட்டாங்க. கெட்ட சிரிப்பு இல்ல, சின்ன வயசு, சட்டுனு வந்துடுச்சி. "அந்தக் குப்பையிலயும் அவனைக் காப்பாத்துனது இவதான் பாட்டி"ன்னாங்க.

அந்தச் சிரிப்பு அத்தைய எங்க தொட்டுச்சோ தெரியல. மூஞ்சி கறுத்துப் போச்சி. திரும்பி வர்ற ரயில்ல, யாருன்னே தெரியாத மீன்கார அம்மாகிட்ட உரக்கச் சொல்லிக்கினு வந்துச்சி. "டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க. எல்லாம் இவகிட்டேந்து வந்ததாம். இவ ஆத்தா கொண்டாந்து, இவ கொண்டாந்து, என் மவன் குடும்பத்த அழிக்குது." டாக்டரு சொன்னது ரெண்டு. நோவும் அவகிட்டேந்து, ஆறு மாச உசுரும் அவகிட்டேந்து. ஒண்ணுதான் ஊருக்கு வந்துச்சி. இன்னொண்ண அத்த ஆஸ்பத்திரியிலயே வுட்டுட்டு வந்துடுச்சி.

"நானும் கேட்டேனே அத்த, டாக்டரம்மா இன்னொண்ணும் சொன்னாங்களே"ன்னேன்.

"நீ நெல்லு தொழாவுறவன், ஒனக்கு இன்னா தெரியும்? மூடு."

அடுத்தவாட்டி போனப்போ வைத்தியம் சொன்னாங்க. அதுக்குன்னு ஒரு ஊசி கீதாம், சீமையிலேந்து வரணும், எப்பவாவதுதான் வரும். அதுவரைக்கும் நல்ல ஒடம்புக்காரங்க ஒருத்தர்கிட்ட மாசாமாசம் ரத்தம் எடுத்து, செவப்பைப் பிரிச்சித் திரும்ப அவுங்களுக்கே ஏத்திட்டு, மேல நிக்கிற மஞ்சத் தண்ணிய புள்ளைக்கு ஏத்தலாம். அவுங்க ஒடம்புல இருக்கற சத்து இவனுக்கு ஒரு மாசம் தாங்கும். எல்லாருக்கும் பாத்தாங்க. என் ரத்தம் சேரல. மச்சானுக்கு முன்ன காமாலை வந்திருந்துச்சி, வேணாம்னுட்டாங்க. தங்கச்சி ஒடம்புல எடுக்கறதுக்கு ரத்தமே இல்ல. சேந்தது யாருதுன்னா அத்த ரத்தம்.

அத்த ஒரு நிமிசம்கூட யோசிக்கல. ரவிக்கைக் கையை மேல ஏத்திவுட்டு, "எடுத்துக்கோ. என் ரத்தம்னா சும்மாவா?"ன்னு கைய நீட்டுச்சி. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சி. கால்ல வுழுந்து கும்புட்டேன்.

அந்த கும்புடு அத்தைக்குப் புடிச்சிப் போச்சி. அடுத்த மாசம் கெளம்பற அன்னிக்கு வாசல்ல நின்னுக்கினு, "ஒங்கண்ணன் வுழுந்தான், நீ வுழுவல பாத்தியா? வுழு. வுழுந்து கேளு"ன்னுச்சி. தங்கச்சி தெருவுல வுழுந்துச்சி. அப்பறம் ஒவ்வொரு மாசமும் அதே. தெருப் பொம்பளைங்க வேலைய வுட்டுட்டு வந்து வேடிக்கை பாப்பாங்க. "சத்தமா கேளு, எனக்குக் காது கேக்கல." "ஒன் புள்ளைக்கு ஒடம்புல ஓடறது யாரு ரத்தம்? சொல்லு." சொல்லணும். "ஒங்க ரத்தம் அத்த." அப்பத்தான் அது செருப்பப் போடும்.

ஆனா புள்ள பொழச்சிக்கினான். காது காஞ்சிது. ஆட்டுக்குட்டி பின்னாடி ஓடுனான். பள்ளிக்கூடத்துல சேத்தாங்க. அவனுக்கு அவன் ஆயா மேல, அதான் எங்க அத்த மேல, உசுரு. "ஆயா, ரத்தம் குடுக்கப் போலாம் வா, பிஸ்கோத்து தருவாங்க"ன்னு கையப் புடிச்சி இஸ்துக்கினு போவான். அதுவும் அவனைத் தோள்ல தூக்கிக்கினுதான் ரயில் ஏறும். அதையும் சொல்லணும். சொல்லலன்னா பொய்யாயிடும்.

நடுவுல அந்தப் பக்கம் ஃபேக்டரிங்க வர ஆரம்பிச்சிது. கவர்மென்ட்டு நெலத்தை எடுத்துச்சி. வரப்பெல்லாம் போயி முள்ளுக்கம்பி, லாரி, செம்மண்ணு தூசி. அத்த நெலமும் போச்சி. நெலத்துக்குச் சொந்தக்காரன் மச்சான், அவனே அந்த மண்ணுல ஃபேக்டரிக்கு அஸ்திவாரம் தோண்டக் கூலிக்குப் போனான். நெலம் போனப்புறம் அத்தைக்குக் கையில இருந்த அதிகாரம் இந்த ஒண்ணுதான், அந்த ரத்தம்.

ஒரு மாசம் நானும் அங்க போயிருந்தேன். தங்கச்சி வழக்கம்போல வுழுந்து எழுந்துச்சி. அத்த செருப்பப் போடல.

"ஒங்கிட்ட ஒண்ணு கேக்கணும். என் மவனுக்கு இன்னொருத்தியக் கட்டப் போறேன். வேத்து ரத்தம். ஒனக்கு சம்மதமா?"

தங்கச்சி என்னைப் பாத்துச்சி. நான் மச்சானைப் பாத்தேன். அவன் கெணத்துப் பக்கம் பாத்துக்கினு நின்னான்.

"இன்னா மச்சான் இது, நீயாவது வாயத் தொறயேன்"ன்னேன்.

"அம்மா சொல்லுது. ரத்தம் அதுது தானே."

"சம்மதம்னா இப்பவே ரயிலுக்குப் போவலாம். இல்லன்னா எனக்குத் தல சுத்துது, படுக்கறேன்"ன்னுச்சி அத்த.

"சம்மதம் அத்த"ன்னு தங்கச்சி சொல்லிட்டு புள்ளைக்கு சட்டைய மாட்டுச்சி. "நேரமாவுது, வண்டி பூடும்." அவ்ளோதான். நானா இருந்தா கத்தியிருப்பேன். அவ வண்டிக்கு நேரம் பாத்தா.

கண்ணாலத்துல வரிசைத் தட்ட தங்கச்சி கையிலயே குடுத்துத் தூக்க வச்சாங்க. புள்ள புதுசா வந்தவ மடியில ஒக்காந்து லட்டு துன்னான். வந்தவ கெட்டவ இல்ல, பாவம், அவளும் எங்கயோ கஷ்டத்துலேந்து வந்தவ. ஒரு வருசத்துல அவளுக்கு ஆம்பளப் புள்ள பொறந்துச்சி.

இங்கதான் கேளுங்க. புதுப் பேரன் பொறந்தும் அத்த ரத்தத்த நிறுத்தல. தங்கச்சிக்கு சந்தோசம். "பாத்தியாண்ணா, அத்தைக்கு மனசு எளகிடுச்சி"ன்னு எங்கிட்ட சொல்லுச்சி. எளகல. அது காத்துக்கினு இருந்துச்சி. ஆறு மாசம். அந்தப் புதுப் புள்ள காதை தெனம் மோந்து மோந்து பாத்துச்சி. ஆறு மாசம் தாண்டி, ஏழு தாண்டி, காது காஞ்சே இருந்துச்சி. டாக்டரம்மா சொன்னதுல அத்த நல்லா புரிஞ்சிக்கினது அந்தக் கணக்குதான். அதுக்கப்புறம் வந்த மாசம், தங்கச்சி வாசல்ல வுழுந்தப்போ, "எனக்கு வயசாச்சி, ஒடம்பு முடியல"ன்னு சொல்லிட்டு, புதுப் பேரனுக்கு எண்ணெ தேச்சி வுட ஒக்காந்துடுச்சி. அப்பறம் எழுந்திரிக்கவே இல்ல.

நான் மில்லுல ஒவ்வொருத்தனையா கெஞ்சுனேன். ரத்தம் குடுத்தா ஆம்பளத்தனம் போயிடும்னானுங்க. ஒருத்தன் வந்தான், அவன் ரத்தமும் சேந்துச்சி, ஒருவாட்டி குடுத்தான். அவன் பொண்டாட்டி மில்லு வாசல்ல வந்து என்னை அசிங்க அசிங்கமா கேட்டுட்டுப் போனா. அதோட சரி. சீமை ஊசி வரல. காது மறுபடி ஒழுவுச்சி. நெஞ்சுல கபம் கட்டுச்சி. புள்ள அப்ப கொஞ்சம் பெரியவன், பேச்சு தெரியும். "ஆயாவைக் கூப்புடும்மா, ரத்தம் குடுக்கப் போலாம்"ன்னு கேட்டுக்கினே கெடந்தான். ஆயா அடுத்த ரூம்புலதான் இருந்துச்சி. கேட்டுக்கினுதான் இருந்துச்சி. அவன் கூப்புடறது நின்னப்போ பட்டப் பகலு, ஃபேக்டரியில சங்கு ஊதுச்சி.

எழவு வூட்டுல யாரு அதிகமா அழுதது தெரியுமா? அத்த. மாரடிச்சிக்கினு, "என் ரத்தம் போச்சே, என் ரத்தத்த மண்ணுல போட்டுட்டாங்களே"ன்னு. வந்தவங்கள்லாம் அத்தையத்தான் தேத்துனாங்க. தங்கச்சிய ஒருத்தரும் தொடல. தொட்டா ஒட்டிக்கும்னு பயம்.

தங்கச்சி பொண்ண இட்டுக்கினு என் ஊட்டுக்கு வந்துடுச்சி. மில்லுலயே பொடைக்கற வேலை. வேலை நடுவுல, தூசியில கண்ணச் சிமிட்டிக்கினு திடீர்னு கேக்கும்.

"ணா, டாக்டரம்மா அத சொன்னாங்க இல்ல? ஆறு மாசம் நான்தான் காப்பாத்துனேன்னு?"

"சொன்னாங்க."

"நெசமா சொன்னாங்க இல்ல? நானா நெனச்சிக்கல இல்ல?"

"நான் பக்கத்துலதானே ஒக்காந்திருந்தேன். சொன்னாங்க."

அப்பறம் பொடைக்கும். சாவற வரைக்கும் கேட்டுச்சி. நானும் சொன்னேன். ஆனா என் வாயி அத்த ஊரு வரைக்கும் எட்டல. பொண்ணுக்கு மாப்ள பாக்க வர்றவங்க எல்லாரும் அந்த ஊருல போயி விசாரிப்பாங்க, திரும்பி வர மாட்டாங்க. "அவ ஆத்தா ரத்தம் கெட்டது"ன்னு அத்த சொன்னது எங்களுக்கு முன்னாடி ரயில் ஏறிப் போயிடும். கடைசியா ஆர்.கே.பேட்டை பக்கத்துல, பொண்டாட்டி செத்தவன் ஒருத்தன் விசாரிக்காம கட்டிக்கினான். அவளுக்கு ரெண்டும் பொண்ணு. இந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாதுன்னு அவ எங்க வாசலுக்கே வர்றதில்ல. என் மூஞ்சியப் பாத்தா ஞாபகம் வருமாம்.

அவ பொண்ணுங்க ரெண்டும் இப்ப கட்டிக் குடுத்து, ஆளுக்கொரு பக்கம் கீதுங்க. ரெண்டும் இத சொமக்குதோ, ஒண்ணு சொமக்குதோ, சொமக்கலையோ, யாருக்குத் தெரியும்? இப்ப அதுக்கு மருந்து வந்துடுச்சாம். மாசாமாசம் ஏத்துனா புள்ளைங்க வளந்து பெரியாளாவுதாம். யாரு காலுலயும் வுழ வேணாம்.

நீங்க அந்தப் பக்கம் போறவங்க, வர்றவங்க. என்னால நடக்க முடியல. ஆர்.கே.பேட்டை பக்கம் மட்டும் இல்ல, எங்க போனாலும், எந்தப் பொண்ணுக்காவது ஆம்பளப் புள்ள பொறந்து, ஆறு மாசம் கழிச்சி காது ஓயாம ஒழுவுச்சின்னா சொல்லுங்க. தொண்டையில டார்ச் அடிச்சிப் பாக்கச் சொல்லுங்க, ரத்தம் பாக்கச் சொல்லுங்க, அம்மாவோட அண்ணந்தம்பிங்க எப்டி செத்தாங்கன்னு கேக்கச் சொல்லுங்க. இது பெத்தவ வழியா வர்றதுன்னும் சொல்லுங்க, மறைக்க வேணாம். ஆனா அத சொன்ன வாயாலேயே, அந்த ஆறு மாசம் அவன் இருந்ததே அவளாலதான்னும் சொல்லிடுங்க. ஒண்ண மட்டும் சொல்றதா இருந்தா, வேணாம், போவாதீங்க. போனா ரெண்டையும் சொல்லுங்க.